தாதியமும் மன்னிப்பும்: நூல்வழிச் சிகிச்சை பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என வகுத்துரைக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு 'உழைச்செல்வான்' என ஒருவனையும் அது சேர்த்துக்கொள்கின்றது. 'உழை' என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திருந்து பணிபுரிபவனையே அச்சொல் சுட்டுகின்றது. இன்று நாம் தாதியம் என வழங்கும் தொழில் அவனுக்குரியதாகும். அதே நூலின் அறத்துப்பாலில் 16ஆம் அதிகாரமாக அமைவது 'பொறையுடைமை'. பிறர் இழைத்த தீங்கைப் பொறுத்தலின் சிறப்பு ஆங்கே பேசப்படுகின்றது. எனினும் இவ்விரு பொருள்களையும் வள்ளுவர் தொடர்புபடுத்தினாரல்லர். தனக்கு நேர்ந்த தீங்கைப் பொறுக்குமாறு நோயாளியைத் தூண்டுவது உழைச்செல்வானின் கடமை என்று அவர் யாண்டும் கூறவில்லை.

அண்மைக்காலத் தாதியவியலிலோ இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்துள்ளன. அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாதியவியலாளர் தாதியர் ஆற்றும் பணிகளை வகைப்படுத்தி 1992இல் முதன்முதலாக நூலுருவில் வெளியிட்டனர். அவ்வகைப்பாட்டில் நூல்வழிச் சிகிச்சை ஒரு பணியாகவும், மன்னிப்புக்கு வழிசெய்தல் பின்வந்த பதிப்புகளில் மற்றொரு பணியாகவும் இடம்பெற்றுள்ளன. இரண்டும் இணையுமிடத்து, கதைநூல், ஒலிப்பதிவு, திரைப்படம் முதலியவற்றின் துணையால் நோயாளியின் உள்ளத்தில் மன்னிப்பு உணர்வை வளர்த்தல் என்னும் நடைமுறை தோன்றுகின்றது.

இந்நடைமுறை பயன் தருமா என்பதை ஆராய்வது தாதியவியலாரதும் உளவியலாரதும் பணியாகும். ஆயின் இங்கே மருந்தாகக் கொள்ளப்படுவது இலக்கியம் ஆதலின், இலக்கிய விமரிசகனுக்கும் இது குறித்துக் கூறுவதற்குச் சில உள. மன்னிப்பைப் பொருளாகக் கொண்ட சிறந்த ஆக்கங்கள் உண்மையில் எதனைச் செய்கின்றன? அவற்றை மன்னிப்பை விளைவிக்கும் கருவிகளாகக் கொள்ளுமிடத்து ஆக்கத்துக்கு நேர்வது யாது? நோயாளிக்கு நேர்வது யாது? இவ்வினாக்களையே ஈண்டு நாம் ஆராய முற்படுகின்றோம்.

2

நூல்வழிச் சிகிச்சை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை முதன்முதல் அச்சில் வழங்கியவர் சாமுவேல் குரொதர்ஸ் என்னும் அமெரிக்க மதகுரு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1916இல் 'அற்லான்ரிக் மந்த்லி' இதழில் அவர் எழுதிய கட்டுரையிலே அச்சொல் காணப்படுகின்றது. அக்கட்டுரை நகைச்சுவை வாய்ந்தது. நோயாளிகளுக்கு நூல்களை மருந்துச்சீட்டாக எழுதிக்கொடுக்கும் கற்பனை நிலையம் ஒன்றை அது விளையாட்டாக வருணிக்கின்றது. விளையாட்டாகப் பிறந்த சொல் சில ஆண்டுகளுக்குள்ளேயே தொழிற்பெயராக மாறியமை மனங்கொள்ளத்தக்கது.

அதனை மெய்யான பணியாக ஆக்கியோருள் சேடி பீற்றர்சன் டெலானி முதன்மையானவர். 1924இல் அலபாமா மாநிலத்தின் ரஸ்கீகியில், கறுப்பினப் போர்வீரர்களுக்கென அமைந்த வைத்தியசாலையின் நூலகராக அவர் பொறுப்பேற்றார். 1958இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். பார்வையிழந்தோருக்குக் கற்பிப்பதற்காகத் தாமே பிரெயில் எழுத்தைக் கற்றுக்கொண்டார். நோயாளி ஒவ்வொருவரையும் அறிந்து அவரவர்க்கேற்ற நூலைத் தேர்ந்தமையே அவர்தம் முறையின் உயிர்நாடி எனலாம்.

1949இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் கரோலைன் சுரோட்ஸ் இம்முறைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். வாசகன் கதைமாந்தருடன் தன்னை ஒன்றுபடுத்திக்கொள்ளல், அதனால் அடைபட்ட உணர்ச்சி வெளிப்படல், ஈற்றில் தன் நிலை பற்றிய தெளிவு பிறத்தல் என மூன்று படிகளை அவர் காட்டினார். இவற்றுள் இரண்டாவது படி அரிஸ்ரோட்டில் அவலநாடகம் பற்றிக் கூறிய உணர்ச்சித் தூய்மையின் வழிவந்தது என்பது வெளிப்படை.

மன்னிப்பு பற்றிய உளவியல் ஆய்வு இதற்குப் பிற்பட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த றொபேட் என்றைட் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இதனை முறையாக ஆராய்ந்து வந்துள்ளார். தான் அடைந்த காயத்தை வெளிக்கொணர்தல், மன்னிக்கத் தீர்மானித்தல், அதற்காக உழைத்தல், அதன் பொருளில் ஆழ்தல் என நான்கு கட்டங்களை அவர் வகுத்தார். மன்னித்தல் வேறு, குற்றத்தைக் குற்றமன்றெனக் கொள்ளல் வேறு, மறத்தல் வேறு, மீண்டும் உறவாடுதல் வேறு என அவர் செய்த பாகுபாடு மிகுந்த பயனுடையது. 2009இல் அவரும் பிறரும் வெளியிட்ட ஆய்வொன்று, இறுதிக்கட்டப் புற்றுநோயுற்ற முதியோரிடத்து மன்னிப்புச் சிகிச்சையால் சினம் குறைந்து நம்பிக்கை வளர்ந்ததெனக் காட்டியது. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறிதாயினும் அம்முடிவை நாம் புறக்கணிப்பதற்கில்லை. பகையை நெஞ்சிற் சுமந்தபடி இறத்தல் கொடியது என்பதை நோயாளியின் அருகிருந்த எவரும் அறிவர்.

ஆகவே மன்னிப்பின் பயனை நாம் மறுக்கின்றோமல்லோம். மன்னிப்பின் பொருட்டு நூல் தெரிவுசெய்யப்படும் முறையே நமது ஐயத்துக்குரியது. தீங்கு இழைக்கப்படுகின்றது, பாதிக்கப்பட்டவர் துன்புறுகின்றார், பின்னர் மன்னிக்கின்றார், அமைதி பெறுகின்றார் என்னும் அமைப்புடைய கதையே இத்தகைய தேவைக்கு உகந்தது என்று எண்ணத் தோன்றும். இவ்வெண்ணம் சரியானதா என்பதை நான்கு ஆக்கங்களைக் கொண்டு நோக்குவோம்.

3

தோல்ஸ்தோயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வெளிவந்தது. நீதிபதியாகிய இவான் இலியிச் தீராநோயுற்று வீட்டில் கிடக்கின்றான். வைத்தியர்களும் மனைவியும் அவன் இறந்துகொண்டிருக்கின்றான் என்னும் உண்மையை மறைத்து, நோய் மாறிவிடும் என்பதுபோல நடிக்கின்றனர். உடல்வலியிலும் இப்பொய்யே அவனைக் கடுமையாக வதைக்கின்றது. இந்நிலையில் அவனுக்கு ஆறுதலாக வாய்த்தவன் கெராசிம் என்னும் குடியானவ வேலையாள் ஒருவனே. நோயாளியின் கழிவை அகற்றுபவன் அவன். கால்களைத் தன் தோளில் உயர்த்தி வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் அமர்ந்திருப்பவனும் அவனே. எல்லாரும் ஒருநாள் இறக்கவேண்டியவரே என்பதால் இச்சிரமம் தனக்குப் பெரிதன்று என அவன் மறைவின்றிக் கூறுகின்றான்.

இலக்கியத்திற் காணப்படும் தாதியருள் கெராசிம் மிகச் சிறந்தவன் என்பது நமது கருத்து. அவன் இவானுக்கு எதனையும் போதிப்பதில்லை. மனைவி மீது இவான் கொண்ட வெறுப்பை அகற்றவும் அவன் முயல்வதில்லை. கால்களைத் தாங்குகின்றான், பொய் சொல்லாதிருக்கின்றான். அவ்வளவே.

கதையின் இறுதியில் மன்னிப்பு வருகின்றது. இறக்குந் தறுவாயில் இவானின் கை அவனுடைய சிறு மகனின் தலைமீது படுகின்றது. சிறுவன் அக்கையை முத்தமிட்டு அழுகின்றான். மனைவியும் கண்ணீருடன் நிற்கின்றாள். அவர்கள்பால் இவானுக்கு இரக்கம் பிறக்கின்றது. மன்னிக்குமாறு கேட்க அவன் விழைகின்றான். ஆயின் உருசிய மொழியில் 'மன்னி' எனப் பொருள்படும் சொல்லுக்கு மாறாக, ஒலியால் அதனை ஒத்ததும் 'வழிவிடு' எனப் பொருள்படுவதுமான வேறொரு சொல் அவன் வாயினின்றும் வெளிப்படுகின்றது. திருத்திக் கூற வலுவின்றி, உணரவேண்டியவர் உணர்ந்துகொள்வார் என்னும் எண்ணத்துடன் கையசைத்து விட்டுவிடுகின்றான்.

மன்னிப்பைப் போதிப்பதே தோல்ஸ்தோயின் நோக்கமாயிருப்பின் இச்சொற்பிறழ்வுக்கு இடமிராது. மனைவி அச்சொல்லைக் கேட்டு அழுது அவனைத் தழுவியிருப்பாள். ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. மன்னிப்பு அவன் உள்ளத்தில் நிகழ்ந்துவிட்டது. புறத்தே அதற்குச் சான்று இல்லை. தாதியின் குறிப்பேட்டில் பதியத்தக்க விளைவு எதுவும் அவ்வறையில் நிகழவில்லை. ஆயினும் அக்கதையின் உச்சம் அதுவே.

ஈண்டுத் தமிழ்ச்சொல் ஒன்று நமக்குத் துணைபுரிகின்றது. 'பொறுத்தல்' என்பது பாரத்தைத் தாங்குதலையும் குறிக்கும்; பிழையை மன்னித்தலையும் குறிக்கும். தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை வள்ளுவர் பொறைக்கு உவமையாகக் கொண்டதும் இவ்விரு பொருளும் ஒன்றிநிற்றலாலேயே. கெராசிம் செய்வது முதற்பொருளிலான பொறுத்தல். இவான் ஈற்றில் அடைவது இரண்டாம் பொருளை ஒட்டியது. முன்னது பின்னதற்குக் காரணம் என ஆசிரியர் வெளிப்படையாகக் கூறாவிடினும், கதையின் அமைப்பு அவ்வாறு எண்ண இடந்தருகின்றது. ஒருவன் தன் பாரத்தைப் பிறனொருவன் தாங்கக் கண்டபின்னரே பிறர் பாரத்தைக் காணும் ஆற்றல் பெறுகின்றான்.

4

சேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்து நான்காம் அங்கத்தின் இறுதிப் பகுதி நோயாளி பராமரிப்பின் அரியதொரு சித்திரிப்பாகும். சித்தம் கலங்கித் திரிந்த முதிய மன்னனுக்கு நீண்ட உறக்கம் தரப்படுகின்றது, புத்தாடை அணிவிக்கப்படுகின்றது, இசை ஒலிக்க அவன் எழுப்பப்படுகின்றான். 1608இல் அச்சான பதிப்பில் வைத்தியர் ஒருவர் இதனை நெறிப்படுத்துகின்றார். 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடத்தில் பெயரற்ற கனவான் ஒருவர் வருகின்றார். விழித்தெழும் லியர், தான் விரட்டிய மகள் கோடீலியாவைக் காண்கின்றான். தன்னை வெறுக்க அவளுக்குக் காரணம் உண்டென்கின்றான். அப்படி ஒரு காரணமும் இல்லை என அவள் மறுக்கின்றாள். பிழையை எடுத்துரைத்துப் பின் மன்னிப்பு அளிக்கும் உயர்நிலையை அவள் மேற்கொள்ளவில்லை. வெறுக்கக் காரணமே இல்லையென்று கூறுவதன் வாயிலாக மன்னிப்பவர், மன்னிக்கப்படுபவர் என்னும் ஏற்றத்தாழ்வையே அவள் நீக்கிவிடுகின்றாள்.

இக்காட்சியுடன் நாடகம் முடிந்திருப்பின், மன்னிப்பைப் போதிக்க இதனிற் சிறந்த நூல் வேறில்லை எனலாம். ஆயின் அடுத்த அங்கத்தில் கோடீலியா கொல்லப்படுகின்றாள். அவள் உடலைத் தாங்கியபடி லியரும் இறக்கின்றான். மன்னிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. இம்முடிவைப் பொறாத நாகும் ரேற் என்பவர் 1681இல் நாடகத்தைத் திருத்தி எழுதினார். அவரது வடிவில் கோடீலியா உயிர் பிழைத்து மணம் புரிகின்றாள். லியர் அரசை மீளப் பெறுகின்றான். ஆங்கில அரங்கில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் செல்வாக்குற்றிருந்தது ரேற்றின் வடிவமே. 1838இல் மக்றெடி என்னும் நடிகர் மூலத்தை ஒட்டிய வடிவை மீண்டும் மேடையேற்றினார்.

ரேற்றை நகையாடுவது எளிது. ஆயினும் நோயாளிக்கு நூல் தெரிவுசெய்யும் நல்லுள்ளம் படைத்த எவரிடத்தும் ஒரு ரேற் மறைந்திருக்கின்றார். துயர முடிவுடைய கதை நோயாளியைத் தளர்த்திவிடுமோ என்னும் அச்சம் இயல்பானது. ஆனால் மன்னித்தால் எல்லாம் சீராகும் என்று காட்டும் கதையைக் கையில் பெறும் நோயாளியின் நிலை யாது? மன்னித்தபின்னரும் புற்றுநோய் பரவுகின்றது. மகன் வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கவில்லை. பிரிந்த உடன்பிறப்பு கடிதம் எழுதவில்லை. அப்போது அவர் தாம் போதிய அளவு மன்னிக்கவில்லையோ எனத் தம்மையே நோகக்கூடும். சேக்ஸ்பியரின் முடிவு கொடியது; எனினும் அது பொய்யான வாக்குறுதி எதனையும் தரவில்லை. மன்னிப்பின் பெறுமதி அதன் பின்விளைவில் தங்கியதன்று என்பதை மூலநாடகம் உணர்த்துமளவுக்கு ரேற்றின் திருத்தம் உணர்த்தவில்லை.

5

மேற்கூறிய இரு ஆக்கங்களிலும் மன்னிப்பு நிகழ்கின்றது. அது மறுக்கப்படும் ஆக்கமொன்றையும் நோக்குதல் வேண்டும். சைமன் வீசென்தால் தம் அனுபவமாக எழுதிய 'சூரியகாந்தி' 1969இல் வெளிவந்தது. நாட்சிகளின் கொடுமுகாமில் கைதியாக இருந்த அவர், லெம்பேர்க் நகரில் வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்த கட்டடமொன்றுக்கு வேலைக்காகக் கொண்டுசெல்லப்படுகின்றார். ஆங்கே தாதி ஒருத்தி அவரை அணுகி, யூதரா எனக் கேட்டு, ஓர் அறைக்கு அழைத்துச் செல்கின்றாள். முகமெல்லாம் கட்டிடப்பட்டு இறந்துகொண்டிருக்கும் இளம் எஸ்.எஸ். படையினன் ஒருவன் அங்கே கிடக்கின்றான். யூதக் குடும்பங்களை வீட்டில் அடைத்து எரித்தழித்த செயலில் தான் பங்குகொண்டமையைக் கூறி, ஒரு யூதனிடம் மன்னிப்புப் பெற்று அமைதியாக இறக்க விரும்புவதாக வேண்டுகின்றான். வீசென்தால் கேட்டிருக்கின்றார், ஒரு சொல்லும் கூறாது வெளியேறுகின்றார். போர் முடிந்தபின் அப்படையினனின் தாயைக் காணச் சென்றபோது, மகன் நல்லவன் என்னும் அவளது நம்பிக்கையைக் கலைக்காமலே திரும்புகின்றார். தாம் செய்தது சரியா என வாசகரையே கேட்டு நூலை முடிக்கின்றார். சிந்தனையாளர் பலர் அளித்த வேறுபட்ட விடைகளும் நூலுடன் சேர்த்து வெளியிடப்பட்டுள்ளன.

இந்நூல் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வீசென்தாலின் மௌனத்தையே மையமாகக் கொண்டன. நாம் அவ்வறைக்கு வழிகாட்டிய தாதியை நோக்க விரும்புகின்றோம். இறப்பவனின் இறுதி விருப்பத்தை நிறைவேற்றினாள் என்ற வகையில் தன் நோயாளிக்கு அவள் செய்தது தாதியப் பணியே. ஆனால் அதன் பொருட்டு அவள் அழைத்துவந்தவர் மறுக்கும் உரிமையற்ற ஒரு கைதி. நோயாளியின் அமைதிக்காக மற்றொருவரின் காயம் மருந்தாகக் கேட்கப்பட்டது. தன் நோயாளியின் நலனை மட்டும் நோக்கும் தாதி, மன்னிப்பை நாடுமிடத்து இத்தகைய தவற்றுக்கு ஆளாதல் கூடும்.

வீசென்தால் மன்னிக்கவில்லை. எனினும் அத்தாயிடத்து அவர் கொடுமை செய்யவுமில்லை. மன்னிப்பு, பழிவாங்கல் என்னும் இரண்டுக்கும் இடையில் மனிதர் வாழக்கூடிய பரந்த வெளி உண்டு என்பதை அது காட்டுகின்றது. மன்னிக்க இயலாத நோயாளிக்கு மிக வேண்டியது அவ்வெளி பற்றிய அறிவாகும். மன்னிப்பில் முடியும் கதைகளை மட்டுமே பெறுபவருக்கு அது கிட்டுவதில்லை.

6

திரைப்படத்தையும் ஒலிப்பதிவையும் நூலோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. நூலை மூடிவைக்கலாம், ஒரு பக்கத்தில் நின்று நினைக்கலாம். நூலைத் தாங்க இயலாத கைகளுக்கு ஒலிப்பதிவு பேருதவியாகும். ஆனால் பலர் படுத்திருக்கும் விடுதியில் ஒருவருக்கென ஒலிப்பது அனைவர் செவியிலும் விழும். திரைப்படம் தன் வேகத்தில் ஓடுவது. தன் நினைவுக்கு அது மிக நெருங்கும்போது அதனை நிறுத்துமாறு கூறும் ஆற்றல் நோயாளிக்கு இருத்தல் வேண்டும்.

இத்துறையில் இங்மார் பேர்க்மன் 1957இல் உருவாக்கிய 'காட்டு ஸ்ட்ரோபெரிகள்' என்னும் சுவீடியத் திரைப்படம் குறிப்பிடத்தக்கது. அதன் கதையுரையை அவர் வைத்தியசாலையில் நோயாளியாக இருந்த காலத்திலே எழுதினார். 78 வயதுடைய வைத்தியப் பேராசிரியர் ஈசாக் போர்க் பட்டமளிப்பு ஒன்றுக்காக லுண்ட் நகருக்குப் பயணமாகின்றார். வழியில் கண்ட கனவொன்றில் அவர் பரீட்சைக்கு உட்படுத்தப்படுகின்றார். வைத்தியனின் முதற்கடமை யாது என்னும் வினாவுக்கு அவருக்கு விடை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதே அக்கடமை எனப் பரீட்சகர் அறிவிக்கின்றார். படத்தின் முடிவில், மகன் தமக்குத் தரவேண்டிய கடன் பற்றிப் பரிவோடு பேச அவர் முயல்கின்றார். மகனோ பணம் கேட்கின்றார் எனக் கருதி, திருப்பித் தருவதாகக் கூறுகின்றான். இவான் இலியிச்சின் சொற்பிறழ்வைப் போன்றே இதுவும் வந்துசேராத மன்னிப்பாகும்.

கனவில் வரும் அப்பரீட்சை நமது பொருளைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றது. இதுகாறும் நோயாளி பிறரை மன்னித்தல் பற்றியே பேசினோம். நோயாளிக்குத் தீங்கு செய்தது வைத்தியசாலையாகவே இருப்பின் யாது செய்வது? தவறான மருந்து, நீண்ட காத்திருப்பு, பிறர் முன்னிலையில் ஒரு வசைச்சொல் என்பன எந்த நாட்டிலும் நிகழக்கூடியவை. அந்நிலையில் மன்னிப்புக் கதையொன்றைக் கையில் கொடுப்பது முறைப்பாட்டை அடக்கும் தந்திரமாகிவிடும். அங்கே மன்னிப்புக் கேட்கவேண்டியவர் நூலைக் கொடுப்பவரே.

7

இவ்வாய்வினின்றும் நாம் பெறும் முடிவு இது. மன்னிப்பைச் சித்திரிக்கும் உயர்ந்த ஆக்கங்கள் அதனை எளிதான விளைவாகக் காட்டுவதில்லை. தவறி உச்சரிக்கப்பட்ட சொல், மரணத்தைத் தடுக்க இயலாத பாசம், விடையளிக்காத மௌனம், தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட பரிவு என்றே அவை காட்டுகின்றன. அவற்றை மருந்துச்சீட்டாக்குதல் இயலாது. இக்காரணத்தாலேயே அவை நோயாளிக்கு உகந்தவை. தம் இடர்ப்பாடு தமக்கு மட்டும் உரியதன்று என்பதை அவை உணர்த்துகின்றன. சுரோட்ஸ் கூறிய மூன்று படிகளுள் தெளிவு என்பது, 'நான் மன்னிக்கவேண்டும்' என்பதாகவே அமையவேண்டியதில்லை. 'எனக்கு நேர்ந்தது தீங்கே' என்பதும் ஒரு தெளிவாகும். என்றைட் வகுத்த நான்கு கட்டங்களுள் முதலாவதும் அதுவே.

நடைமுறையில் இதனால் விளைவன சில. நூலைக் கொடுக்கும் தாதி அதனைத் தாம் முற்றாகப் படித்திருத்தல் வேண்டும். ஒரு நூலுக்கு மாறாக, முடிவால் வேறுபட்ட இரண்டு மூன்று நூல்களை முன்வைத்து நோயாளியே தெரியச் செய்தல் வேண்டும். படித்தபின் மன்னித்துவிட்டீர்களா என வினவுதல் கூடாது. கதையில் எவர் சரியாக நடந்தார் என வினவலாம்; விடை நோயாளிக்குரியது. கொடுமை இன்னும் தொடரும் நிலையில், அஃதாவது வைத்தியசாலையினின்றும் அதே கொடுமைக்காரரின் வீட்டுக்குத் திரும்பவேண்டிய பெண்ணிடத்து, மன்னிப்பு நூலைக் கொடுத்தல் தவறு. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு.

1983 முதல் 2009 வரை போர் நிகழ்ந்த எமது நாட்டில் இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. காணாமலாக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருந்து முதுமையுற்ற தாய் ஒருத்தி வைத்தியசாலை விடுதியில் படுத்திருத்தல் இங்கே கற்பனையன்று. அவளிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், மகனுக்கு நேர்ந்தது யாது என்னும் அவளது வினாவை நாம் செவிமடுத்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூற எந்த நூலாலும் இயலாது. ஆயின் அவ்வினாவோடு அவளருகே இருக்க ஒருவரால் இயலும். உழைச்செல்வான் என வள்ளுவர் அவனுக்குப் பெயரிட்டார். கெராசிம் அவ்வாறே இருந்தான். நோயாளியின் கையில் நூலை வைத்துவிட்டு அகன்றுவிடாது, அதனைப் படித்துக் காட்டி, நிறுத்துமிடத்தில் நிறுத்தி, சொல்லற்ற வேளையிலும் பக்கத்திலிருப்பதே இத்துறையில் தாதியம் ஆற்றக்கூடிய பணி. மன்னிப்பு அதன்பின் வரினும் வரலாம். வாராதொழியினும் அப்பணி குறைவுற்றதாகாது.